ஓட்டு யாருக்கு? எண்ணுவது எப்படி? – எல்லைத் தமிழரும் தேர்தல் சீர்திருத்தமும்

முன்னுரை

அமெரிக்காவில் தேர்தல் வந்தால் நம்ம ஊர் டீக்கடையிலும் அதுதான் பேச்சு. குடியரசுக் கட்சிக்காரர் ஒரு பக்கம், ஜனநாயகக் கட்சிக்காரர் மறு பக்கம் என்று அந்த நாடு இரண்டாகப் பிளந்து நிற்பதை நாளும் செய்தியில் பார்க்கிறோம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. தீபாவளி போன்ற அவர்களது நன்றி நவிலல் நாள் விருந்தில்கூட அரசியல் பேசாமல் இருப்பதே நல்லது என்ற நிலை. "ஜனங்க கெட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லி நாம் முடித்துவிடுகிறோம். ஆனால் அந்நாட்டு அறிஞர்களில் ஒரு சாரார் வேறு விதமாகச் சொல்கிறார்கள். மனிதர்கள் மட்டும் காரணமல்ல. தொகுதிக்குக் கோடு போடுவது, வேட்பாளரை வடிகட்டுவது, ஓட்டை எண்ணுவது ஆகிய விதிகள்தான் அவர்களை இரண்டு பட்டியில் கொண்டு போய் அடைக்கின்றன என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதம் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் ஆகிய எல்லைப் பகுதிகளில் வாழும் நமக்கும் பொருந்துகிறதா? எழுபது ஆண்டுத் தேர்தல் வரலாற்றைப் புரட்டினால், நன்றாகவே பொருந்துகிறது எனலாம். வேட்பாளரைப் பற்றி விடிய விடியப் பேசும் நாம், விதியைப் பற்றிப் பேசுவது குறைவு. அக்குறையை ஓரளவு போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு ஓட்டு அதிகம் இருந்தால் போதும்

இந்தியாவிலும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் உள்ள முறை ஒன்றே. யாருக்கு மற்ற எவரையும்விட ஒரு ஓட்டு அதிகமோ, அவர் ஜெயித்தவர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்த முறை எங்கே இருக்கிறதோ அங்கே காலப்போக்கில் இரண்டு பெரிய கட்சி அல்லது இரண்டு பெரிய அணிதான் மிஞ்சும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1951இல் வெளிவந்த நூலில் எடுத்துக் காட்டினார். காரணம் எளிது. மூன்றாவது ஆளுக்குப் போடும் ஓட்டு வீணாகிவிடும் என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள். "நமக்குப் பிடிச்சவன் ஜெயிக்க மாட்டான், நமக்குப் பிடிக்காதவன் ஜெயிச்சிடுவான், அதனால நடுவுல இருக்கிறவனுக்குக் குத்துவோம்" என்ற கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தில் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே இருந்த வித்தியாசம் வெறும் 537 ஓட்டு. அதே மாநிலத்தில் மூன்றாவதாக நின்ற ரால்ஃப் நேடர் 97 ஆயிரத்துக்கு மேல் வாங்கினார். அந்த ஓட்டுகளில் சிறு பகுதி இடம் மாறியிருந்தாலும் அதிபரே மாறியிருப்பார்.

இப்போது நம்ம மலைக்கு வருவோம். 2016 சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் எஸ். ராஜேந்திரன் 49,510 ஓட்டு பெற்றார். காங்கிரசின் ஏ.கே. மணி 43,728. வித்தியாசம் 5,782. மூன்றாவதாக வந்த அ.தி.மு.க. வேட்பாளருக்கு விழுந்தது 11,613 ஓட்டு. வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு! அந்தப் பதினோராயிரம் பேருக்கும் மற்ற இருவரில் யார் பரவாயில்லை என்று கேட்க இந்த முறையில் வழியே இல்லை.

மலையில் மட்டுமல்ல, பாலக்காட்டுச் சமவெளியிலும் இதே கதைதான். 2021இல் பாலக்காடு தொகுதியில் காங்கிரசின் ஷாபி பரம்பில் 54,079 ஓட்டில் ஜெயித்தார். பா.ஜ.க.வின் இ. ஸ்ரீதரன் 50,220, மார்க்சிஸ்ட் வேட்பாளர் 36,433. ஜெயித்தவருக்குப் போடாதவர்கள், இந்த இருவர் கணக்கில் மட்டும், 86,653 பேர். இது யாருடைய தவறும் அல்ல. விதி அப்படி.

மூன்றாவது குரல் ஒலித்த காலம்

எல்லைத் தமிழருக்கென்று தனிக் குரல் ஒரு காலத்தில் சபையில் இருந்தது. நேசமணி தலைமையில் இயங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், 1954 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையின் 117 இடங்களில் 12 இடங்களைப் பிடித்தது. அந்தச் சபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 19 உறுப்பினர்களை மட்டுமே கொண்ட பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை, காங்கிரசின் வெளி ஆதரவோடு முதலமைச்சராக இருந்தார். அப்படிப்பட்ட சபையில் 12 கை என்பது லேசான எடை அல்ல.

அந்தக் கட்சியால் அது முடிந்தது எப்படி? தமிழர் ஓட்டு தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை என்று சில வட்டங்களில் அடர்த்தியாகச் சேர்ந்து இருந்தது. ஓட்டு ஓரிடத்தில் திரண்டிருந்தால் இந்த எண்ணும் முறை சிறு கட்சிக்கும் இடம் கொடுக்கும். சிதறிக் கிடந்தால் கொடுக்காது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது தெற்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதே நாளில் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் கேரளத்தோடு சேர்ந்தது. ஆக, எல்லைக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய தமிழர்கள் மலையில் ஒரு கூட்டம், கணவாயில் ஒரு கூட்டம் என்று தனித்தனியாக ஆனார்கள். நம்ம மூன்றாவது குரல் அடங்கியதற்கு இந்தக் கணக்கும் முக்கியக் காரணம்.

இங்கே ஒரு சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேவிகுளம், பீர்மேடு விவாதத்தின்போது, தோட்டத் தொழிலாளி நிலையாகத் தங்குகிறவன் அல்ல, வேலைக்கு வந்து போகிறவன் என்ற வாதம் கேரளத் தரப்பில் வலுவாக வைக்கப்பட்டது. "வந்து போகிறவன்" என்ற அந்தப் பேச்சு 1956உடன் முடிந்துவிடவில்லை.

ஒருவருக்கு இரண்டு ஓட்டு

இளைய தலைமுறைக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1957இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது தேவிகுளம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.எல்.ஏ. – ஒரு பொது இடம், ஒரு தாழ்த்தப்பட்டோர் இடம். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது.

விளைவைப் பாருங்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூசும் காங்கிரசின் என். கணபதியும் ஒரே மலையிலிருந்து ஒரே தேர்தலில் சபைக்குப் போனார்கள். ஒரு கட்சிக்கு ஜெயம் என்றால் மற்ற கட்சிக்காரருக்கு ஒன்றுமே இல்லை என்ற நிலை அன்று இல்லை. இந்த முறையிலும் சிக்கல்கள் இருந்தன. 1957 மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில், இரண்டு இடத்தையும் பழங்குடி வேட்பாளர்களே பெற்றுவிட, பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி தோற்று, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1961இல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளை ஒழித்தார்கள்.

இன்னொரு பாடமும் தேவிகுளத்தில்தான் கிடைத்தது. 1957இல் காங்கிரசின் பி.கே. நாயரது வேட்புமனுவைத் தள்ளுபடி செய்தது தவறு என்று கூறி, ரோசம்மா புன்னூசின் தேர்வு ரத்து செய்யப்பட்டது. 126 பேர் கொண்ட சபையில் கம்யூனிஸ்டுகள் 60, ஆதரவு சுயேச்சைகள் 5 என்று நூலிழையில் நின்ற அரசு அது. ஆகவே 1958 இடைத்தேர்தலை நாடே பார்த்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் மலை ஏறி வந்து தமிழில் பாடி ஓட்டுக் கேட்டார். ரோசம்மா புன்னூஸ் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் மறுபடியும் ஜெயித்தார். தமிழ்த் தொழிலாளியின் ஓட்டு ஓர் ஆட்சிக்கே தேவைப்பட்டபோது, தமிழில் பேசிப் பாடத் தலைவர்கள் தாமாகவே தேடி வந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

மனுத் தள்ளுபடி கதை 2021இல் வேறு வடிவில் திரும்பியது. அப்போது அ.தி.மு.க. வேட்பாளரின் மனு தேவிகுளத்தில் தள்ளுபடி ஆனது. 2016இல் பதினோராயிரம் பேர் தேர்ந்தெடுத்த சின்னம் 2021இல் இயந்திரத்திலேயே இல்லை. ஜனங்கள் ஓட்டுப் போடுவதற்கு முன்பே ஒரு மேசைமீது வைத்து ஒரு தேர்தலின் பாதியை முடிவு செய்யலாம் என்பதற்கு இது சான்று.

இரண்டு முன்னணி

1965 தேர்தலில் கேரளத்தில் யாருக்கும் பெரும்பான்மை வரவில்லை. சபை ஒரு நாள்கூடக் கூடாமல் கலைந்தது. அதற்குப் பிறகு கட்சிகள் கூட்டுச் சேரக் கற்றுக்கொண்டன. 1980 வாக்கில் இடது ஜனநாயக முன்னணி, ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று இரண்டு அணி உறுதியாயின. 1982 முதல் 2016 வரை ஒவ்வொரு தேர்தலிலும் ஆட்சி இடம் மாறியது. 2021இல்தான் அந்த வழக்கம் உடைந்தது. 2011இல் 140 இடங்களில் 72க்கு 68 என்று முடிந்ததை நினைத்தால், ஒவ்வொரு மலைத் தொகுதிக்கும் என்ன விலை என்று புரியும்.

அணிகளால் நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆட்சி நிலைத்தது. தமிழ் பேசும் வேட்பாளரையே இரு அணியும் தேவிகுளத்தில் நிறுத்துகின்றன. ஆனால் அணி, தொழிற்சங்கத்துக்குள்ளும் லயத்துக்குள்ளும் இறங்கிவிட்டது. ஒரே வரிசையில் கொழுந்து எடுக்கும் மூன்று பெண்கள் ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு. என்று மூன்று சந்தாச் சீட்டு வைத்திருப்பார்கள். கூலி மூவருக்கும் ஒன்று. அட்டைக்கடி மூவருக்கும் ஒன்று. வீடு ஒழுகுவதும் ஒன்றுபோலத்தான்.

இதைப் பெண்களே உடைத்துக் காட்டியது 2015 செப்டம்பரில். போனசை முந்தைய ஆண்டைவிடக் குறைத்ததை எதிர்த்து, 20 சதவீதம் கேட்டு, மூணாறில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். மூன்று சங்கத்துத் தலைவர்களையும் கிட்டே சேர்க்கவில்லை. "பொம்பிளை ஒருமை" என்ற பெயர் அப்போதுதான் கேரளம் முழுக்கத் தெரிந்தது. 8.33 சதவீத போனசும் 11.67 சதவீதக் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதமாக உடன்பாடு ஆனது.

பிறகு நடந்ததுதான் நம்ம விஷயத்துக்கு முக்கியம். அதே ஆண்டு நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல். பொம்பிளை ஒருமை நின்று, தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்தில் ஓர் இடமும் மூணாறு பஞ்சாயத்தில் இரண்டு வார்டும் ஜெயித்தது. ஆறு மாதம் கழித்து 2016 மே மாதம் சட்டமன்றத் தேர்தலில் அதே அமைப்பின் வேட்பாளர் மூன்றாம் இடத்துக்குக்கூட வரவில்லை. அதே பெண்கள், அதே கோபம், அதே மலை. மாறியது என்ன? வார்டில் சில நூறு ஓட்டு போதும். பக்கத்து லயத்துப் பெண்ணை எல்லாருக்கும் தெரியும். "வீணாப் போயிடும்" என்ற பயம் இல்லை. சட்டமன்றத் தொகுதியில் பல பத்தாயிரம் ஓட்டு வேண்டும். அங்கே இரண்டு அணி, இரண்டு பெரிய கொடி. போராட்டத்துக்குள் பின்னர் எழுந்த பிணக்கும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டாம். எனினும் வட்டம் சிறிதானால் மூன்றாவது குரலுக்கு இடம் உண்டு, பெரிதானால் இல்லை என்பதே இதிலுள்ள பாடம்.

கோடு போடுவது யார்?

1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி காலத்தில் தன் கட்சிக்குத் தோதாக வளைத்துப் போட்ட ஒரு தொகுதி, பார்க்கப் பல்லி மாதிரி இருந்ததாம். பத்திரிகைக்காரர்கள் ஆளுநர் பெயரையும் சாலமாண்டர் என்ற உயிரியின் பெயரையும் ஒட்டி 'ஜெர்ரிமாண்டர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்நாட்டில் பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் சட்டசபையில் உள்ள கட்சிதான் கோடு போடுகிறது. 2025இல் டெக்சாஸ் மாநிலம் பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் நடுவிலேயே குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதிகளைத் திருத்தியது. பதிலுக்குக் கலிபோர்னியாவில், கட்சி சாராத குடிமக்கள் ஆணையம் வரைந்த வரைபடத்தை ஒதுக்கி, ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான வரைபடத்துக்கு நவம்பரில் மக்கள் ஓட்டிலேயே ஒப்புதல் வாங்கினார்கள். சீர்திருத்தம் செய்த மாநிலமே போட்டிக்காக அதைத் தற்காலிகமாக ஓரம் கட்டியது!

இந்தியாவில் இந்த விஷயத்தில் நாம் மேல். ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையில் தொகுதி மறுவரையறை ஆணையம் கோடு போடுகிறது. 1952, 1963, 1973, 2002 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய ஆணையங்கள் சட்டப்படி அமைந்தன. கடைசி ஆணையத்துக்கு நீதிபதி குல்தீப் சிங் தலைவர். அதன் உத்தரவு 2008இல் அமலுக்கு வந்தது. அந்த உத்தரவை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று சட்டம் சொல்கிறது.

நல்ல எண்ணத்தோடு போட்ட கோடும் சிறுபான்மையைப் பிரிக்கக்கூடும் என்பதற்குப் பாலக்காடு உதாரணம். 2008இல் கொல்லங்கோடு தொகுதி இல்லாமல் போயிற்று. கொல்லங்கோடும் முதலமடையும் புதிய நென்மாறை தொகுதியில் சேர்ந்தன. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி சித்தூரில். வாளையாறு பக்கம் மலம்புழையில். எல்லையோரமாக வரிசையாக இருக்கும் தமிழ் ஊர்கள் மூன்று தொகுதிக்குப் பங்கு. எங்கும் நாம் ஒரு பகுதி, எங்கும் முழுமை அல்ல. சதி என்று சொல்ல ஆதாரம் ஏதும் இல்லை. ஆனால் ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பொது அமர்வு நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்க வேண்டிய நாளில் கேட்டால்தான் உண்டு.

தனித் தொகுதியும் 1950ஆம் ஆண்டும்

தேவிகுளம் இப்போது தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி. மலையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தாழ்த்தப்பட்ட சாதிகளின் பட்டியல் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் உத்தரவாக வந்தது. அது மாநில வாரியானது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த உரிமை கூடவே வராது. ஆகவே "உங்க தாத்தா எந்த வருஷம் மலை ஏறினாரு?" என்ற கேள்வி நம்மவர்களுக்கு வெறும் குடும்பக் கதை அல்ல, சாதிச் சான்றிதழுக்கும் படிப்புக்கும் வேலைக்கும் ஆதாரம்.

2021இல் 7,848 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த மார்க்சிஸ்ட் வேட்பாளர் ஏ. ராஜாவின் தேர்வை, தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் டி. குமார் வழக்குப் போட்டு எதிர்த்தார். நாமினேஷன் கொடுத்தபோது ராஜா கிறிஸ்தவராக இருந்தார், கேரளத்தின் பட்டியல் சாதி உறுப்பினர் அல்ல என்று கூறி 2023 மார்ச் 20ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் தேர்வைச் செல்லாது என்றது. 2025 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, அவர் தேர்வைச் செல்லும் என்றது. குடும்பம் எப்போது தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்தது என்பதும் வழக்கில் அலசப்பட்டது. எந்தக் கட்சிக்கு ஜெயம் என்று பார்ப்பவர்கள் பார்க்கட்டும். மூன்று தலைமுறையாக மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் பழைய தேதியைக் காட்டும் ஒரு காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. பழைய எஸ்டேட் பதிவு, பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு எதையும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

பெயர் எந்தப் பட்டியலில்?

முன்னே சொன்ன "வந்து போகிறவன்" வாதம் இன்று வாழ்வது வாக்காளர் பட்டியலில். லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும். சொந்த மண் இல்லாதவர்கள் போடிக்கோ கம்பத்துக்கோ உத்தமபாளையத்துக்கோ இறங்குகிறார்கள். பிள்ளை மலையில், பெற்றோர் கீழே. இப்படி ஒரே குடும்பத்தின் பெயர் இரண்டு மாநிலப் பட்டியலில் வந்துவிடுவதும் உண்டு. 2011, 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் இரு மாநிலத்துக்கும் ஒரே நாளில் வாக்குப் பதிவு. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26. "இரட்டை ஓட்டு" என்ற பேச்சுக்கு இது இடம் கொடுத்தது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டுமே இருக்கலாம். பொய்யான உறுதிமொழி கொடுத்துச் சேர்ந்தால் ஓராண்டு வரை சிறை. அதே சட்டம் நமக்குக் காப்பும் தருகிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20ஆம் பிரிவுப்படி, ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியூர் போனதால் வசிப்பிடம் இழந்தவரும் ஆக மாட்டார். ஆகவே சொந்த வீடு இல்லாத லயத்துக்காரரும் முழு வாக்காளரே. "பட்டா இருக்கா?" என்று கேட்டுப் பெயரை மறுக்க முடியாது.

2025 நவம்பர் 4ஆம் தேதி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, கேரளத்தில் 2002ஆம் ஆண்டுப் பட்டியலோடு பெயரைப் பொருத்திக் காட்டச் சொன்னார்கள். அன்று ஒரு எஸ்டேட்டில் இருந்து இன்று வேறு எஸ்டேட்டில் இருப்பவருக்கும், கல்யாணமாகிக் கீழிருந்து மேலே வந்த பெண்ணுக்கும் இது எத்தனை அலைச்சல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியலிலிருந்து பெயர் போனால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் மலையகம் சாட்சி. 1947 தேர்தலில் அங்குள்ள தோட்டத் தமிழர்கள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்கள் ஓட்டைப் பறித்தன. 1952 தேர்தலில் அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை. நம்ம நிலை அதுவல்ல; நாம் இந்தியக் குடிமக்கள். எனினும் தோட்டத் தொழிலாளியை "வந்து போகிறவன்" என்று பார்க்கும் பார்வை எங்கே கொண்டு விடும் என்பதை மறக்கலாகாது.

மொழியும் ஓட்டும்

அமெரிக்காவில் 1975இல் வாக்குரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆங்கிலம் போதிய அளவு தெரியாத மொழிச் சிறுபான்மையர், வாக்களிக்கும் வயதுடைய குடிமக்களில் ஓரிடத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அவர்கள் மொழியிலும் வாக்குச் சீட்டு தர வேண்டும் என்று வந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வங்காளிக்கு அந்த உரிமை இதன்படி கிடைத்தது. தேவிகுளம் போல் தமிழ் வாக்காளர் மிகுந்த கேரளத் தொகுதிகளில் மலையாளத்தோடு தமிழிலும் வேட்பாளர் பெயர் அச்சாகிறது. இது சின்ன விஷயம் அல்ல. மொழிபெயர்ப்பிலும் கவனம் வேண்டும்: 2021இல் ஏ. ராஜா தமிழில் எடுத்த உறுதிமொழி வாசகத்தில் ஒரு சொற்றொடர் விடுபட்டதால் ஜூன் 2ஆம் தேதி அவர் மறுபடி பதவி ஏற்க நேர்ந்தது.

வழி என்ன?

அமெரிக்காவில் இன்று அதிகம் பேசப்படும் மாற்று, விருப்ப வரிசை ஓட்டு. வாக்காளர் ஒருவருக்கு மட்டும் போடாமல் 1, 2, 3 என்று வரிசை தருவார். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால், கடைசி ஆளை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பத்தை மற்றவர்களோடு சேர்ப்பார்கள். மெய்ன் மாநிலம் 2018இல் கூட்டாட்சித் தேர்தலுக்கும் இதைப் பயன்படுத்தியது. அலாஸ்கா 2020இல் ஏற்றது. எதிர்ப்பும் உண்டு, ஃபுளோரிடா 2022இல் இதற்குத் தடையே போட்டது.

இது நமக்கு அந்நியமானதும் அல்ல. நம் குடியரசுத் தலைவரும் மாநிலங்களவை உறுப்பினர்களும் விருப்ப வரிசையில்தான் தேர்வாகிறார்கள். இலங்கையில் 2024 செப்டம்பர் அதிபர் தேர்தலில் யாரும் பாதியைத் தாண்டாததால் முதன்முறையாக இரண்டாவது விருப்பத்தை எண்ணி அநுர குமார திசாநாயக்க வென்றதாக அறிவித்தார்கள். இந்தியச் சட்ட ஆணையமும் 1999இல் தன் 170ஆவது அறிக்கையில் பாதிக்கு மேல் ஓட்டு என்ற யோசனையை ஆராய்ந்தது.

2016 தேவிகுளத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அந்தப் பதினோராயிரம் பேரும் முதலில் தங்கள் சின்னத்துக்கும், இரண்டாவதாக இரு அணியில் ஒன்றுக்கும் போட்டிருக்கலாம். யார் ஜெயித்திருப்பார் என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டாவது ஓட்டுக்காக இரு அணியும் அவர்கள் வாசலுக்குப் போயிருக்கும். வீட்டைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லியிருக்கும். அடுத்தவன் ஆதரவாளரைத் திட்டி ஓட்டு வாங்க முடியாத நிலை வந்தால், பிளவும் கொஞ்சம் தணியும் என்பதே இம்முறையை ஆதரிப்போர் நம்பிக்கை.

இந்த மாற்றம் நாளையே வந்துவிடாது. அதுவரை நம் கையில் இருப்பவை மூன்று. ஒன்று, பட்டியல். புதிதாகச் சேர 6ஆம் படிவம், வீடு மாறினால் அல்லது பிழை திருத்த 8ஆம் படிவம், நீக்கத்துக்கு 7ஆம் படிவம். எந்த மாநிலத்தில் உண்மையாக வசிக்கிறோமோ அங்கே ஒரே ஒரு பெயர். இரண்டு, வார்டு. பஞ்சாயத்துத் தேர்தலை அணிகளின் ஒத்திகையாக விடாமல், நம்ம லயத்து ஆளை, குறிப்பாகப் பெண்களை நிறுத்திப் பார்க்கும் இடமாக ஆக்குவது. மூன்று, மறுவரையறை. அடுத்த ஆணையம் பொது அமர்வு கூட்டும்போது, எல்லையோரத் தமிழ்ப் பஞ்சாயத்துகளை இயன்றவரை ஒரே தொகுதியில் சேர்க்குமாறு வரைபடமும் கணக்கும் வைத்து மனுக் கொடுப்பது. அதற்கு மூணாறுச் சங்கமும் சித்தூர்ச் சங்கமும் ஒன்றாக உட்கார வேண்டும். மனுவை இப்போதே எழுத ஆரம்பிக்கலாம்.